தேரடியும் தேர்வடமும்: யாழ்ப்பாணத்துச் சமய வாழ்வு பற்றிய ஒரு விவாதம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தினுள் ஒரு சிவன் கோயில் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வழிவந்த கோயில் அது. 1974இல் அந்நிலத்திலே பல்கலைக்கழக வளாகம் எழுந்தபோது, அதன் முதற் தலைவராக வந்தவர் மார்க்சியத் திறனாய்வாளரான க. கைலாசபதி. கோயில் அகலவுமில்லை, மார்க்சியம் தளரவுமில்லை. அன்றுதொட்டு இவ்வளாகத்தில் இரு கூட்டத்தார் அருகருகே வாழ்ந்துவருகின்றனர். ஒரு சாரார் பரீட்சைக்கு முன்னர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவர். பெறுபேறு வந்தபின் அவ்வழியை மறப்பர். மறுசாரார் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து, சமயத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்சின் கூற்றை எடுத்தோதுவர். 1844இல் வெளிவந்த அதே பந்தியில், ஒடுக்கப்பட்டவரின் ஏக்கம் சமயத்தில் ஒலிக்கிறது என்றும் மார்க்சு கூறியமையை அவர்கள் பெரும்பாலும் வாசிப்பதில்லை.

இவ்விரு சாராரும் தம்முள் முரண்படுவதாகத் தோன்றினும், ஒரு விடயத்தில் முற்றாக உடன்படுகின்றனர். சமயம் என்பது கிரியை, நேர்த்தி, கொடியேற்றம், கும்பாபிடேகம் ஆகியவற்றின் தொகுதியே என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. முன்னவர் அதனைக் கொள்வர், பின்னவர் தள்ளுவர். நாளாந்த வாழ்வின் உழைப்பிலும் துயரிலும் மனிதனை நிமிர்த்தி நிறுத்துகின்ற நம்பிக்கையாகச் சமயம் இருக்கலாம் என்பதும், அத்தகைய சமயம் இக்குடாநாட்டின் மண்ணிலேயே ஒருகால் முளைத்து நின்றது என்பதும் இருவர் கணக்கிலும் இல்லை. இக்கணக்குப் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கட்டற்ற சமயநோக்கு, தாராண்மைச் சமயம் என்று கூறியவுடன், அது மேனாட்டு மிசனரிமாரின் இறக்குமதி என்று முகஞ்சுளிப்போர் உளர். அவர்கள் கண்ணுக்கு அருகிலேயே இருப்பது நல்லூர்த் தேரடி. கடைத்தெருவில் திரிந்தமையாற் கடையிற் சுவாமி எனப் பெயர்பெற்ற துறவியின் வழியில் வந்த செல்லப்பா சுவாமி, அத்தேரடியிலே பைத்தியக்காரனென ஊரார் எள்ளும்படி வாழ்ந்தார். காவியும் உருத்திராக்கமும் அவரிடம் இல்லை, பிரசங்கமும் இல்லை. கோயிலுக்குள்ளே மணியோசையும் மந்திரமும் நிகழ, அவர் கோயிலுக்கு வெளியே, தேர் நிற்கும் இடத்திலே இருந்தார் என்பது தற்செயலன்று. அவர் விட்டுச்சென்றவை நான்கு சிறு வாசகங்களே. தீங்கு என்று ஒன்றில்லை என்பதும், யாவும் முன்னரே நிறைவேறியவை என்பதும், அறிந்துவிட்டோம் எனல் தகாது என்பதும், எல்லாம் மெய்யே என்பதும் அவற்றின் பொருளாகும். இந்நான்கில் மூன்றாவதை மட்டும் யாழ்ப்பாணத்துச் சமயத் தலைவர்கள் உளமார ஏற்றிருப்பாராயின், இந்நாட்டின் சமயக் கண்டனப் பிரசுரங்களிற் பாதி அச்சேறியிராது.

அவருடைய மாணவர் யோகசுவாமிகள். 1872இல் மாவிட்டபுரத்திற் பிறந்தவர். கத்தோலிக்கப் பாடசாலையிற் பயின்றவர். கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியின் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றியவர். கணக்கேடும் சாவிக்கொத்தும் வைத்திருந்த ஓர் அரசாங்க ஊழியர் ஞானியாக மாறினார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. செல்லப்பா சுவாமி 1915இல் மறைந்தபின் கொழும்புத்துறையில் ஒரு கொட்டிலில் அமர்ந்து, 1964 பங்குனியில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். மடாதிபதி ஆகவில்லை. அவரைத் தேடி விவசாயியும் வந்தார், நீதவானும் வந்தார். சைவர் மட்டுமன்றிக் கிறித்தவரும் பௌத்தரும் வந்தனர். இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மகனே அவருடைய சீடராகிச் சந்தசுவாமி எனப் பெயர்பெற்றார். வந்தவரை மதம் மாற்றும் முயற்சி அக்கொட்டிலில் நிகழவில்லை. அவரவர் தத்தம் வேலையைச் செம்மையாகச் செய்வதே வழிபாடு என்பதுதான் அங்கு கிடைத்த போதனையின் சாரம். 1935இல் தொடங்கிய திங்கள் ஏட்டுக்குச் ‘சிவதொண்டன்’ எனப் பெயரிட்டமையும் அக்கருத்துப் பற்றியே. தொண்டு என்ற சொல்லைக் கோயில் வீதி கூட்டுதல், மாலை கட்டுதல் ஆகியவற்றினின்றும் விடுவித்து, வயலுக்கும் வகுப்பறைக்கும் கந்தோருக்கும் கொண்டுசென்றவர் அவர்.

இதன் பெறுமதியை உணர, யாழ்ப்பாணத்து நாளாந்த வாழ்வின் இயல்பை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஆறில்லாத நிலம் இது. கிணற்றிலிருந்து இறைத்த நீரைப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சி வாழ்ந்த சமூகம். துலாவில் ஏறி மிதித்தவனுக்கும், பனையில் நாள்தோறும் ஏறி இறங்கியவனுக்கும், மயிலிட்டியிற் கடலுக்குச் சென்றவனை எதிர்பார்த்துக் கரையில் நின்றவளுக்கும் மறுமையிற் கிடைக்கும் பதவியைப் பற்றிய விரிவுரை எதற்கு? அவர்களுக்கு வேண்டியிருந்தது இன்றைய உழைப்பு வீணன்று என்ற உறுதி. அவ்வுறுதியை, உழைக்கும் இடத்திலேயே தெய்வம் உண்டு என்ற ஒரு நோக்கினாற் கொடுக்க முடியும். தெய்வம் கருவறைக்குள் மட்டுமே உண்டென்று கூறுகின்ற நோக்கினால் முடியாது. அந்நோக்கின்படி பனையேறுபவன் தெய்வத்துக்கு மிகத் தொலைவில் நிறுத்தப்பட்டவன் அல்லவா?

இங்கேதான் விவாதம் கூர்மை பெறுகின்றது. தாராண்மையான சமயக் கருத்து வேறு. தாராண்மையான சமய வாழ்வு வேறு. இராமநாதனையே எடுத்துக்கொள்வோர் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். அவர் 1898இல் மத்தேயுவின் சுவிசேடத்துக்கு ஆங்கிலத்தில் உரை வகுத்தார்; பின்னர் யோவானின் சுவிசேடத்துக்கும் வகுத்தார். கீழைத்தேய ஞானமும் யேசுவின் வாக்கும் ஒன்றே எனக் காட்ட முயன்ற அவ்வுரைகளைவிடப் பரந்த சமயநோக்கை அக்காலத்தில் எவரிடம் எதிர்பார்க்கலாம்? ஆயினும் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையை எண்ணியபோது அதனைத் தீவிரமாக எதிர்த்து நின்றவர்களுள் அவரும் ஒருவர். கலிலேயாவின் மீனவருக்கு ஞானம் உண்டென்று எழுதிய கைக்கு, கரையூரின் மீனவருக்கு வாக்குச் சீட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. நூலில் விரிந்த மனம் ஊரிற் சுருங்கிற்று. பெண்களுக்கெனவும் ஆண்களுக்கெனவும் கல்லூரிகள் நிறுவிய கொடையாளியை இழித்துரைப்பது இங்கு நோக்கமன்று. சமரசம் பேசுவது எளிது, சமபந்தியில் அமர்வது அரிது என்பதே அவர் வாழ்வு தரும் சாட்சி.

சமபந்திக்காக உழைத்தவர்கள் வேறொரு சாரார். 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசு, பின்னர் வாலிபர் காங்கிரசு எனப் பெயர்பெற்று, தீண்டாமை ஒழிப்பைத் தன் குறிக்கோள்களுள் ஒன்றாகக் கொண்டது. அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் கிறித்தவர்; உடன்நின்றோரிற் பலர் சைவர். 1927 கார்த்திகையிற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வரவேற்றவர்களும் இவர்களே. 1930ஆம் ஆண்டையொட்டிப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரவேண்டும் என்ற சமாசன ஏற்பாடு வந்தபோது, பெரியோர் எனப்பட்டோர் பலர் அதனை எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தீ வைத்தவர்கள் சமயப் பற்றில்லாதவர்கள் என்று எவரும் கூறமுடியாது. திருநீறு அணிந்த நெற்றிகளே அவை. தேவாலயங்களும் இவ்விடயத்தில் மேன்மை பாராட்ட இடமில்லை. சாதிக்கொரு கோயிலும் சாதிக்கோர் இருக்கையும் அங்கும் இருந்தன. சுவிசேடப் பணி என்பது ஒரு பிச்சைக்காரன் மற்றொரு பிச்சைக்காரனுக்கு உணவு கிடைக்கும் இடத்தைக் காட்டுவது போன்றது என்று உலகத் திருச்சபைகளுக்கு எடுத்துரைத்த டி. ரி. நைல்சு (1908-1970) இக்குடாநாட்டவர்தாம். அவ்வுவமையின் தாழ்மை அவர் ஊர்த் தேவாலயங்களின் இருக்கைகள்வரை இறங்குவதற்கு நெடுங்காலம் சென்றது.

பின்னர் மாவிட்டபுரம். யோகசுவாமிகள் பிறந்த ஊர் என்பது நினைவிருக்கட்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிப் பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. நல்லூர் முதலிய பெருங்கோயில்களின் கதவுகள் 1950களின் நடுப்பகுதியிலேயே திறந்துவிட்டன. 1968இல் தாழ்த்தப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். வாசலை மறித்து நின்றோரின் தலைவர் ஒரு பாமரர் அல்லர். கணிதப் பேராசிரியராயிருந்தவரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கமே அவர். அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. ஒரு மனிதன் கோயிலுக்குள் நுழையலாமா என்ற வினாவுக்கு விடைதேடி ஆயிரக்கணக்கான மைல்கள் கடக்க வேண்டியிருந்ததென்றால், அக்கோயிலைச் சூழ்ந்திருந்த சமயத்தின் நிலை யாது? பல்கலைக்கழகக் கல்வி தானாகவே மனத்தை விரிவாக்கும் என்று நம்புகின்ற விரிவுரையாளர்கள் இப்பேராசிரியரைச் சற்று எண்ணிப்பார்ப்பது நன்று. அடுத்த ஆண்டு மனிதன் சந்திரனில் இறங்கினான். மகாகவியின் ‘தேரும் திங்களும்’ அம்முரணைப் பொருளாகக் கொண்டே பிறந்தது. இப்போராட்டக் காலத்தின் கொடுமைகளையே கே. டானியல் 1972இல் ‘பஞ்சமர்’ நாவலாக வடித்தார்.

அவ்வாசலில் யோகசுவாமிகளின் அடியார்கள் எங்கே நின்றனர் என்ற வினா எழுகின்றது. சுவாமிகள் மறைந்து நான்கு ஆண்டுகளே கடந்திருந்தன. சுவாமிகளும் தம் வாழ்நாளிற் சாதி ஒழிப்பு இயக்கம் எதனையும் நடத்தியவர் அல்லர். இதனை மறைத்துப் பேசுவது புகழ்ச்சியாகுமேயன்றி ஆய்வாகாது. ஆயினும் குற்றம் பெரிதும் அடியார்களுடையது. கொட்டிலிற் கேட்ட பேச்சை அவர்கள் அற்புதக் கதைகளாக மாற்றிக்கொண்டனர். இன்னாருக்குப் பதவியுயர்வு வரும் என்று சுவாமி முன்னரே கூறினார், இன்னாருடைய மகளின் திருமணத்தை ஒரு பார்வையாலே நிச்சயித்தார் என்பன போன்ற கதைகள் யாழ்ப்பாணத்து நடுத்தர வகுப்பினரின் விறாந்தைகளில் இன்றும் உலவுகின்றன. யாவும் முன்னரே நிறைவேறியவை என்ற வாசகம் அவ்விறாந்தைகளிற் சாய்மனைக் கதிரையாக மாறிற்று. எல்லாம் முடிந்துவிட்டனவாயின் தீண்டாமையை ஒழிப்பது யார் வேலை?

அவ்வாசகத்தின் பொருள் அதுவன்று. முடிவைப் பற்றிய அச்சமும் ஆசையும் நீங்கினால்தான் மனிதன் தயக்கமின்றிச் செயலில் இறங்குவான். வெற்றி உறுதியென அறிந்தபின் இறங்குபவன் வியாபாரி. மாவிட்டபுரத்து வாசலில் அடியும் அவமதிப்பும் பெற்றுக்கொண்டு நாள்தோறும் வந்தமர்ந்தவர்களே அவ்வாசகத்தை, அதனைக் கேட்டறியாமலே, வாழ்ந்து காட்டியவர்கள். தீங்கு இல்லை என்று சொல்லத்தக்கவர் தீங்கை எதிர்கொண்டவரே. அதனைத் திண்ணையிலிருந்து பார்த்தவர் அல்லர்.

இதே நிகழ்ச்சி சிற்றுண்டிச்சாலைத் தோழர்களிடமும் ஒரு வினாவை எழுப்புகின்றது. சத்தியாக்கிரகத்தை ஒழுங்குசெய்ததில் இடதுசாரிகளின் பங்கு பெரிது. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அவர்கள் வளர்த்தது. அப்பெருமையை எவரும் மறுக்கவியலாது. ஆனால் சமயம் வெறும் மயக்கமருந்தாயின், அம்மருந்து மறுக்கப்பட்ட மக்கள் நற்பேறு பெற்றவர்கள் அல்லவா? அவர்கள் ஏன் தலையுடைபட்டும் அக்கதவைத் தட்டினர்? தேநீர்க்கடைக்குள் அமரும் உரிமையையும் கோயிலுக்குள் கும்பிடும் உரிமையையும் அவர்கள் ஒருங்கே கேட்டனர். முன்னது தன்மானம், பின்னது மூடநம்பிக்கை என்று பிரித்தறியும் கூர்மை அவர்களிடம் இல்லாமற் போனதன்று. தெய்வத்தின் முன்னிலையில் நிமிர்ந்து நிற்பதும் மனிதர் நடுவே நிமிர்ந்து நிற்பதும் ஒன்றே என அவர்கள் அறிந்திருந்தனர். இயக்கம் அவர்களுக்குத் தலைமை கொடுத்தது. தாம் எவருக்கும் தாழ்ந்தவர் அல்லர் என்ற உறுதியில் ஒரு பகுதியாவது முருகனிடமிருந்து வந்தது.

இனி, வேறு வகையான கோயில்களும் இக்குடாநாட்டில் உண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிற் பிராமணர் பூசை இல்லை. மந்திர ஆரவாரமும் இல்லை. கடலோர மக்களின் மரபில் வந்த பூசகர்கள் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வர். அன்னதானக் கந்தன் என்றே அத்தெய்வத்துக்குப் பெயர். பசித்து வந்தவனை ஊர், பெயர், குலம் கேளாது இருத்திச் சோறிடும் மடங்கள் அங்கே வரிசையாக உள்ளன. ஆகம நூல்களைக் கொண்டு அளப்போருக்கு இது குறைபாடுடைய கோயில். பசியைக் கொண்டு அளப்போர் வேறு கணக்கைச் சொல்வர். தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலின் வரலாறும் இத்தகையதே. 1977இல் அதன் நிருவாகத் தலைமையை ஏற்ற தங்கம்மா அப்பாக்குட்டி ஆசிரியராயிருந்தவர். ஒரு பெண் அத்தகைய பொறுப்பில் அமர்வதே அக்காலத்தில் புதுமை. 2008இல் மறையும்வரை, பக்தர் இட்ட காசை அவர் கோபுரத்துக்கு மட்டும் செலவிட்டாரில்லை. ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். போர்க்காலத்தில் அவ்வில்லம் எத்தனை பேருக்குத் தாய்வீடாயிற்று என்பதை அங்கு வளர்ந்தவர்களே சொல்லவேண்டும். நல்லூரில் அருச்சனைச் சீட்டின் விலை ஒரு ரூபா என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். சிறிய செய்திதான், எனினும் செல்வர்க்கொரு பூசை, வறியவர்க்கொரு பூசை என்ற பாகுபாட்டை அந்த ஒரு ரூபா தடுத்து நிற்கின்றது.

போர் வந்தபோது எல்லாச் சமயமும் சோதனைக்குள்ளாயின. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. அன்று மாவிட்டபுரத்தில் வாசலை மறித்தவர்களும் வாசலிற் காத்திருந்தவர்களும், அவர்தம் பிள்ளைகளும், ஒருங்கே வெளியே நின்றனர். உள்ளே நின்றது இராணுவம். 9.7.1995 அன்று நவாலி சென் பீற்றர்சு தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது குண்டு வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தஞ்சம் கேட்டு வந்தவரிடம் அங்கே ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கப்படவில்லை. அவ்வாண்டு ஐப்பசி இறுதியில், ஓர் இரவில், வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தது. தென்மராட்சியின் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் மக்களால் நிரம்பின. கோயில் என்ற சொல்லுக்குக் கூரை என்ற பொருளும் உண்டென்பது அந்நாள்களில் விளங்கிற்று.

விளங்கியது நிலைத்ததா? 2018இல் அதே தென்மராட்சியின் வரணிப் பகுதியில், ஓர் அம்மன் கோயிலின் தேரை மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டு இழுத்த செய்தி, படத்துடன் வெளிவந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே இயந்திரம் வரவழைக்கப்பட்டது என்பது எழுந்த குற்றச்சாட்டு. மகாகவி இருந்திருப்பாராயின் திங்களைத் தேடியிருக்கத் தேவையில்லை. மனிதக் கையைவிட இரும்புக் கை புனிதமானது என்று கருதும் ஒரு வழிபாட்டில், இழுக்கப்பட்டது தேரா, தெய்வமா? ஆகமத்தில் இவ்வியந்திரத்துக்கு எந்தப் படலத்திற் பிரமாணம் உண்டு? தீட்டைப் பற்றி நூறு விதிகள் காட்டும் பண்டிதர்கள் இவ்வினாவுக்கு விடை கூறியதாகத் தெரியவில்லை. புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தில் ஊருக்கூர் கோபுரங்கள் உயர்கின்றன. ஒலிபெருக்கிகள் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகின்றன (பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் முருகனை நொந்துகொள்ளும் நேரம் அதுவே). வளர்ந்தவை சுண்ணாம்பும் சத்தமும்.

கிளிநொச்சிக்கு ஒருகால் திரும்பிப் பார்த்தல் தகும். களஞ்சியச் சாவியோடு யோகசுவாமிகள் நடமாடிய அந்த ஊரில், கந்தசுவாமி கோயில் முன்றலில், 20.2.2017 அன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கிற்று. அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. தேடிய பிள்ளையைக் காணாமலே அப்பெற்றோரிற் பலர் கண்மூடினர். அத்தாய்மாரிடம் சென்று ‘எல்லாம் விதி’ என்பது சமயமன்று. அது அரசாங்கத்தின் விடை. ‘இதற்கெல்லாம் கடவுள் இல்லை என்பதே சான்று’ என்பதும் அவர்களுக்குப் பயன்படாது. அவர்கள் கேட்டது தத்துவ விளக்கமன்று, பிள்ளையை. அவர்கள் அமர்ந்த இடம் கோயிலின் உள்வீதியன்று, முன்றல். செல்லப்பா சுவாமியின் தேரடியைப் போலவே அதுவும் கோயிலுக்கு வெளியேயும் கோயிலைச் சேர்ந்தும் இருந்த இடம். கிடைக்கும் என்ற உறுதி இல்லாதபோதும் மறுநாள் காலையில் மீண்டும் படத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு அமர்ந்தார்களே, அந்த இருப்புக்கு நம்பிக்கை என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. தாராண்மைச் சமயம் எங்கே உண்டு என்று வினவுவோர் நூலகத்துக்குச் செல்லுமுன் அம்முன்றலுக்குச் செல்லலாம். யாழ்ப்பாணத்து மேடைகளிற் சைவசித்தாந்த மாநாடு நடத்துவோர் எத்தனை பேர் அங்கே ஒரு பொழுதேனும் உடனமர்ந்தனர்?

வளாகத்துக் கோயிலிலும், ஊர்க் கோயில்களிலும், தேவாலயங்களிலும் இனிக் கேட்கப்படவேண்டிய வினாக்கள் கோபுரத்தின் உயரத்தைப் பற்றியவை அல்ல. பரிபாலன சபையின் யாப்பில் உறுப்பினராகத் தக்கவர் யார் என்று எழுதப்பட்டிருக்கின்றது? உபயகாரர் பட்டியலில் எந்தக் குறிச்சியார் இன்னும் இல்லை? சேர்ந்த பணத்தில் எவ்வளவு சீமெந்துக்குச் சென்றது, எவ்வளவு சோற்றுக்கும் படிப்புக்கும் சென்றது? ஊர்தோறும் ஆண்டறிக்கை வாசிக்கப்படும் பொதுக்கூட்டங்களில், கற்றறிந்த இளைஞர் பின்வரிசையில் அமர்ந்து, தேநீர் வந்தவுடன் எழுந்துவிடுகின்றனர். அடுத்த கூட்டத்தில் அவர்களுள் ஒருவர் எழுந்து யாப்பைக் காட்டும்படி கேட்கட்டும். தேர்த் திருவிழா ஆண்டுதோறும் வருகின்றது, வடமும் நீளமானது.